அடிச்சட்டமும் மேற்கூண்டும்

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைக் காண்போர் அதன் உயரத்தைக் கண்டு வியப்பர். மரச் சிற்பங்களைக் கண்டு மகிழ்வர். தேர்ப்பணி அறிந்த தச்சரோ அத்தேரை இரண்டு பொருளாகவே காண்பார். சக்கரமும் அச்சும் அவற்றின்மேல் அமர்ந்த சிற்ப மரப்பகுதியும் ஆண்டு முழுதும் நிலைத்து நிற்பவை. அதன்மேல் எழும் மூங்கில் சட்டகமும் வண்ணத் துணியும் தொம்பைகளும் விழாவுக்கென ஏற்றி, விழா முடிந்தபின் இறக்கப்படுபவை. தாங்குவது ஒன்று, தோன்றுவது மற்றொன்று. இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால், மோட்டார் வண்டியின் வரலாற்றில் பலரும் கவனியாது விட்ட ஒரு பகுதி நமக்கு எளிதில் விளங்கும்.

மோட்டார் வண்டியும் தொடக்கத்தில் இரண்டு பொருளாகவே இருந்தது. எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் எஃகுச் சட்டம் ஒன்று. அதனை அடிச்சட்டம் என்போம். பட்டறைக்காரர் அதனைச் ‘சேஸ்’ என்பர். அதன்மேல் ஏற்றும் உடல் மற்றொன்று. இரண்டையும் ஒருவரே செய்யவேண்டும் என்ற நியதி இல்லை. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தார் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அடிச்சட்டத்தை மட்டுமே விற்றனர். வாங்கியவர் அதனைப் பார்க்கர், ஹூப்பர் போன்ற கோச்சு வண்டி செய்வோரிடம் அனுப்பி, தம் விருப்பப்படி உடல் கட்டுவித்துக் கொண்டார். ஒருவருக்கு நான்கு கதவு. ஒருவருக்குத் திறந்த கூரை. விரைந்து ஓட்ட விரும்பும் இளைஞருக்கு இருவர் மட்டுமே அமரும் தாழ்ந்த உடல். ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்று போற்றப்படும் பழைய வண்டிகள் பலவற்றின் அழகு, எஞ்சின் செய்தவனுடையது அன்று, தகடு அடித்தவனுடையது.

இவ்வுரிமையைச் சிலர் வேடிக்கைக்கும் பயன்படுத்தினர். 1910இல் கல்கத்தாவில் வாழ்ந்த மாத்யூசன் என்ற செல்வர், அன்னப் பறவையின் வடிவில் ஒரு கார் செய்து தரும்படி இங்கிலாந்திலுள்ள புரூக் நிறுவனத்துக்கு எழுதினார். அவ்வாறே வண்டி வந்தது. அன்னத்தின் அலகு, வழியில் நிற்போர்மீது நீரைப் பீய்ச்சியது! கூட்டம் கூடிக் குழப்பம் மிகவே, காவலர் அதனைத் தெருவில் ஓட்டலாகாது எனத் தடுத்தனர். அவ்வண்டி இன்று நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரிலுள்ள லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியாவில் காரின் உடலை மாற்றிய வரலாறு என்றால், நூல்கள் பெரும்பாலும் இத்தகைய மகாராஜாக் கதைகளையே கூறும். எனக்கு அவற்றில் அத்துணை ஈடுபாடு இல்லை. தேவையின் பொருட்டு உடலை மாற்றியவர் கதையே கேட்கத்தக்கது; அந்தக் கதையில் திருநெல்வேலிச் சீமைக்குப் பெரும்பங்கு உண்டு.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். பஸ்ஸுக்கு உடல் அமைப்பதை நம்மவர் ‘கூண்டு கட்டுதல்’ என்று கூறுகின்றனர். கரூரில் இன்று பெருந்தொழிலாக விளங்கும் அவ்வேலைக்கு இதுவே பெயர். இச்சொல் மோட்டாரோடு வந்தது அன்று. மாட்டு வண்டியின்மீது மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்தால் அது கூண்டு வண்டி. இரும்பு வில்லின்மீது மரக்கூண்டு அமைத்தால் அது வில்வண்டி. தாமிரபரணிப் பாசனத்தில் நிலமுடையோர் வீட்டு முற்றங்களில் வில்வண்டி நின்ற காலம் ஒன்று இருந்தது. கருவேல மரத்தால் சக்கரம் செய்யவும், பட்டை இரும்பைக் காய்ச்சிச் சக்கரத்தின்மேல் இறுக்கவும், குலுக்கம் தாங்கும்படி மூட்டுவாய்களைப் பொருத்தவும் அறிந்த தச்சரும் கொல்லரும் ஊர்தோறும் இருந்தனர். மோட்டார் வந்தபோது எஞ்சின் அவர்களுக்குப் புதிது; கூண்டு புதிது அன்று.

சென்னை நகரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் கம்பெனி, சேணமும் குதிரை வண்டியும் செய்து புகழ் பெற்ற நிறுவனம். அங்குப் பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கிச் சென்னைத் தெருவில் ஓட்டினார். குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிய கைகளே அடுத்து மோட்டாருக்கும் கூண்டு கட்டின. இந்த நிறுவனத்தில் 1930களில் நுழைந்து, பின்னர் அதன் தலைமையை ஏற்றவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. பொதிகைச் சாரலில், தாமிரபரணியோடு கலக்கும் கடனாநதியின் பக்கத்தில் உள்ளது அவ்வூர். 1964இல் அவர் மறைந்தபோது, குதிரை வண்டிப் பட்டறையாய்ப் பிறந்த நிறுவனம் டீசல் எஞ்சின் செய்யும் ஆலையாக வளர்ந்திருந்தது.

மற்றொருவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1877இல் நாங்குநேரிப் பக்கத்துத் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வழக்கறிஞர் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை ஆகிய மூன்றையும் கண்டு, மூன்றையும் விட்டு, மதுரையில் மோட்டார் தொழிலில் இறங்கினார். 1911ஆம் ஆண்டைத் தம் தொடக்க ஆண்டாக அவர் நிறுவனத்தார் கொண்டாடுவர். தென்னாட்டு மோட்டார் தொழிலின் இருபெருங் குடும்பங்களும் ஒரே மாவட்டத்திலிருந்து தோன்றியது தற்செயலா என்று என்னைக் கேட்பவர் உண்டு. அதற்கு விடை காண முயல்வதினும், அவ்விருவரும் கைக்கொண்ட தொழிலின் வாயில் எது என்று பார்ப்பது பயனுடையது. எஞ்சின் செய்யும் ஆற்றல் அன்று நம்மிடம் இல்லை; அதனை விற்கலாம், பழுது பார்க்கலாம், அதன்மேல் கூண்டு கட்டலாம். அந்த வாயில் வழியாகவே நம் நாட்டவர் மோட்டார் உலகுக்குள் நுழைந்தனர்.

இனி, அந்நாளைய பஸ் எவ்வாறு இருந்தது என்று காண்போம். ஃபோர்டு, செவ்ரோலே முதலிய அமெரிக்க அடிச்சட்டங்கள் கப்பலில் வந்தன. அவற்றின்மேல் கட்டும் கூண்டு நம் ஊர்ச் சாலைக்கும் வெயிலுக்கும் பொருந்தவேண்டும். சீமையில் கண்ணாடிச் சன்னல் வேண்டும். இங்கோ பக்கங்களைத் திறந்துவிட்டு, மழைக்கு மட்டும் கான்வாஸ் திரை தொங்கவிட்டால் போதும். கூரைமேல் வாழைத்தாரும் நெல் மூட்டையும் ஏறும். ஆதலின் கூரைச் சட்டம் தடித்த தேக்கு. மண்சாலையின் குழிகளில் அடிச்சட்டம் முறுக்கிக் கொடுக்கும். அதற்கு இசைந்து மரமும் சற்றே நெகிழவேண்டும். இறுகப் பிணைத்த இரும்புக் கூண்டைவிட மரக் கூண்டு அக்காலச் சாலைக்கு ஏற்றதாயிருந்தது இக்காரணத்தால்தான். சாலையில் மாட்டு லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடந்து டயரைக் குத்தியதால், பெரிய காந்தம் பூட்டிய வண்டியைச் சுந்தரம் ஐயங்கார் ஓட்டச்செய்து ஆணிகளைப் பொறுக்கினார் என்றும் சொல்லப்படுவதுண்டு.

திருநெல்வேலிக்கு 1876இல் ரயில் வந்துவிட்டது. ஆனால் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1981இல்தான்! இடைப்பட்ட நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவர் யாவரும் மாட்டு வண்டியிலோ மோட்டாரிலோதான் கடந்தனர். இந்த ஒரு செய்தியே இப்பகுதியில் கூண்டு கட்டும் தொழிலின் இன்றியமையாமையைக் காட்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது, பெட்ரோல் அருகியது. அப்போது வண்டியின் உடலில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயரத் தகர உருளை ஒன்று பொருத்தப்பட்டது. அதனுள் கரியை எரித்து, காற்றைக் குறைவாக விட்டால், முழுதும் எரியாத கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதனைக் குளிர்வித்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தினால் அது எரிந்து வண்டியை ஓட்டும். டி.வி.எஸ். நிறுவனத்தார் இத்தகைய கரிவாயுக் கலத்தைத் தாமே வடிவமைத்துத் தயாரித்தனர். பெட்ரோலில் கிடைக்கும் வலிமையில் பாதியோ சற்று மிகுதியோதான் இதில் கிட்டும். மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கி நடக்க நேர்வதும் உண்டு. கலத்தின் எடை பின்புறத்தில் இருத்தலால், கூண்டின் பின்பகுதியை வெட்டி இடம் ஒதுக்கி, சட்டத்தை வலுப்படுத்தவும் வேண்டியிருந்தது. தொழிற்சாலை அனுப்பிய வடிவத்தைத் தொடலாகாது என்று எண்ணியிருந்தால் அவ்வாண்டுகளில் நம் சாலைகளில் வண்டி ஓடியிராது.

தகட்டு வேலையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் காரின் வளைந்த உடலைச் செய்வது பஸ் கூண்டு கட்டுவதினும் நுட்பமானது. பஸ்ஸில் தகடு பெரும்பாலும் ஒருபுறமாகவே வளையும். ஸ்போர்ட்ஸ் காரின் சக்கர மூடியோ குடத்தின் தோள்போல இருபுறமும் வளையும். தட்டையான தகட்டை அவ்வாறு வளைக்க, நடுவை நீட்டவோ ஓரத்தைச் சுருக்கவோ வேண்டும். மணல் நிரப்பிய தோல் பையின்மீது தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் நடு நீளும், குழி விழும். அடிக்க அடிக்க உலோகம் இறுகும். மேலும் அடித்தால் பிளக்கும். ஆதலின் இடையிடையே அனலில் காய்ச்சி அதனை மறுபடி மென்மையாக்குவர். அலுமினியம் காய்ந்ததைக் கண்ணால் அறிதல் அரிது. செம்பைப்போல் அது சிவந்து காட்டாமலே உருகிவிடும். அதற்கு ஓர் உபாயம் உண்டு. தகட்டின்மேல் சோப்பினால் கோடு இழுத்துச் சூடாக்குவர்; சோப்புக் கருகிக் கறுக்கும்போது பதம் வந்துவிட்டது என்று அறிவர். குடமும் தவலையும் அடித்த கன்னார்க்கு இந்த இயல்பெல்லாம் பழக்கமானவை. நம் ஊர் மோட்டார்ப் பட்டறைகளில் ‘டிங்கர்’ எனப்படுபவரின் கலை அதற்கு மிக நெருங்கிய உறவு.

மரமும் காரிலிருந்து உடனே மறைந்துவிடவில்லை. போர் முடிந்தபின் வந்த எம்.ஜி. டி.சி. என்னும் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில், வெளியே தெரிவது இரும்புத் தகடு. உள்ளே அதனைத் தாங்குவது ஆஷ் என்னும் சீமை மரச்சட்டம். மார்கன் என்னும் ஆங்கில நிறுவனத்தார் இன்றும் அம்மரத்தைப் பயன்படுத்துகின்றனர். குளிர்நாட்டில் நெடுநாள் உழைக்கும் அம்மரம், கரையானும் பருவமழையும் உள்ள நம் நாட்டில் அவ்வாறு உழைக்குமா? அது உளுத்தபோது, அளவு பிசகாமல் தேக்கில் சட்டம் இழைத்து மாற்றுவதற்கு நம் தச்சரால் இயலும். அவ்வாறு மாற்றிய வண்டி சீமை வண்டியா, நம் ஊர் வண்டியா? இக்கேள்வி விளையாட்டு அன்று. பிறகு இதற்கு வருவேன்.

இதற்கிடையே உலகில் மோட்டாரின் கட்டமைப்பே மாறிவிட்டது. இத்தாலியின் லான்சியா லாம்டா 1922லும், பிரான்சின் சித்ரோவன் 1934லும் காட்டிய வழியில், அடிச்சட்டமும் உடலும் ஒன்றாயின. தகட்டுப் பெட்டியே தன்னைத் தாங்கும். தனிச் சட்டம் இல்லை. முட்டை ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதியை வெட்டினால் மற்றப் பகுதியும் வலுவிழக்கும். 1950களின் பிற்பகுதி தொடங்கி நம் சாலைகளை ஆண்ட அம்பாசிடரும் ஃபியட்டும் இவ்வகையின. ஆகவே அவற்றின் கூரையை அறுத்துத் திறந்த காராக்க முயன்றவர் பலர் கதவு மூடாமல் திண்டாடினர். நடுவே உடல் தொய்ந்துவிடும்.

இந்த மாற்றத்துக்கு உட்படாமல் நின்ற கார் ஒன்று நம் மாநிலத்திலேயே பிறந்தது. சென்னைக்கு அருகே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் வெளிவந்த ஹெரால்டு அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே அதன் மூலம். வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதற்குத் தனி அடிச்சட்டம் அமைந்த காரணம் சுவையானது. டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல் செய்து தந்த ஆலையை 1953இல் போட்டி நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லை. ஆகவே உடலைத் துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் முடுக்கினர். கூரையும் அவ்வாறே முடுக்கப்பட்டதுதான். ஒரு வணிகச் சண்டையின் விளைவாக நம் டிங்கருக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது.

வண்டலூர்க்காரர்களே இதனைப் பயன்கொண்டனர். இந்தியக் குடும்பங்களுக்கு இரு கதவு போதாதென உணர்ந்து, 1968இல் நான்கு கதவுள்ள ஹெரால்டை வெளியிட்டனர். இங்கிலாந்தில் அத்தகைய ஹெரால்டு இல்லை. 1972இல் கெஸல் என்னும் மறுவடிவம் வந்தது. பட்டறைக்காரர் வேறு வழியில் சென்றனர். கூரையைக் கழற்றிக் கான்வாஸ் மூடியிட்ட ஹெரால்டுகளைப் பழைய கார்களின் அணிவகுப்புகளில் இன்றும் காணலாம். சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில், எடை குறைத்து, எஞ்சினைச் செப்பனிட்ட ஹெரால்டுகளும் ஓடின.

இன்னும் துணிந்தவர், அதனை இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காராகக் குறுக்க எண்ணுவர். அதற்கு முன்மாதிரி உண்டு: இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவியதே. ஹெரால்டில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 91½ அங்குலம். ஸ்பிட்ஃபயரில் 83 அங்குலம். எட்டரை அங்குலம்தானே என்று வெட்டி ஒட்டிவிடலாகாது. தொழிற்சாலையார் நீளத்தை மட்டும் குறைக்கவில்லை. பக்கச் சட்டங்களை நீக்கி, அவற்றின் சுமையைக் கதவின் கீழுள்ள தகட்டுப் பெட்டியின்மீது ஏற்றினர். இதை அறியாதவர் செய்த வண்டி, பார்வைக்கு ஸ்பிட்ஃபயர்; குழியில் இறங்கினால் உடைந்த நாற்காலி. நல்ல பட்டறைக்காரர் வெட்டுமுன் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் நூல் பிடித்து அளப்பார். ஒட்டியபின் மறுபடி அளப்பார். இரண்டும் ஒத்திருந்தால்தான் வண்டி நேரே ஓடும். மாணவர்கள் வடிவகணிதத்தில் படிக்கும் செவ்வக விதி ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.

இந்த ஆபத்தை எண்ணியே சட்டமும் குறுக்கிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. விரைவுச் சாலைகளின் காலத்தில் இது வேண்டுவதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2021இல் வந்த மற்றொரு விதியைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வழங்கும் விதி அது. வரவேற்கத்தக்கதே. எனினும் அப்பதிவு பெற, வண்டி தன் மூல வடிவில் இருக்கவேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கலாகாது.

எது மூல வடிவம்? அடிச்சட்டம் மட்டும் கப்பலில் வந்து, கூண்டு நம் ஊரில் கட்டப்பட்ட வண்டிக்கு மூல வடிவம் எது? 1940களில் கரிவாயுக் கலத்துக்காகப் பின்புறம் வெட்டப்பட்ட வண்டியில் அவ்வெட்டைத் தகடிட்டு மறைத்தால், மிஞ்சுவது வரலாறா, விளம்பரப் படமா? 1970களில் ஒரு தமிழ்ப் பட்டறையில் கூரை நீங்கிய ஹெரால்டு, மாறாத ஹெரால்டைக் காட்டிலும் நம் தொழில் வரலாற்றைப் பற்றி மிகுதியாகப் பேசக்கூடியது என்பதே என் கருத்து. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும் பொருத்தித் தந்தனர். அதனால் அது ஆழித்தேர் அன்று என்று எவரேனும் கூறினரா? சீமை வண்டிகளின் தூய்மையைக் காக்கும் ஆர்வத்தில், நம்மவர் கைத்தடம் பதிந்த வண்டிகளைத் திருத்தி மூலத்துக்கு மீட்கும் முயற்சி இன்று பெருகியுள்ளது. இங்கிலாந்திலிருந்து புதுத்தகடு வரவழைத்துப் பொருத்தும்போது, பெயர் தெரியாத ஒரு டிங்கர் அடித்த தகடு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

மாணவர்களில் எவரேனும் இவ்வரலாற்றை ஆராய விரும்பினால், பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பழைய வீடுகளில் கிடக்கும் மோட்டார்ப் பதிவுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், தயாரிப்பாளர் பெயர், உடலின் வகை ஆகியவை அதில் இருக்கும். தயாரிப்பாளர் என்ற இடத்தில் அமெரிக்க நிறுவனத்தின் பெயரோ ஆங்கில நிறுவனத்தின் பெயரோ காணப்படும். கூண்டு கட்டியவர் பெயரை அங்கே தேடவேண்டாம். கதவின் உட்புற மெத்தையை எடுத்து, தேக்குச் சட்டத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். தச்சர் தம் அளவுக்காகப் பென்சிலால் எழுதிய தமிழ் எண்களோ, இடம் வலம் குறித்த எழுத்துகளோ சில வண்டிகளில் அழியாமல் இருக்கக்கூடும். கிடைத்தால், வண்ணம் பூசுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.